கவ்வாத்துக் கத்தியும் கறுப்பு மையும்

மடுல்கெல்லவுக்குக் குடிவரும் ஓவியர் எவரும் முதல் மாதம் பனிமூட்டத்தைத்தான் வரைவார். நானும் வரைந்தேன், இரண்டு படம் விற்றும் போனது. எதிரே நக்கிள்ஸ் மலை முட்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறது, கீழே ஒரே பச்சை. ஓவியர் செய்ய மிச்சம் எதுவும் இல்லை. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் கம்பனியின் தபாலட்டைகள் முதல் இன்றைய தேயிலைப் பெட்டிகள் வரை கூடையோடு ஒரு பெண் அழகாக நிற்கிறாள். அவள் காலில் ஒருநாளும் அட்டை ஏறியதாகத் தெரியவில்லை.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில தாண்டி மேலே வந்தால் முதலில் தோற்றுப்போவது கடதாசி. மழை மாதங்களில் நீர்வண்ணம் லேசில் காயாது. காலையில் பூசிய நீலம் மத்தியானம் பக்கத்து மஞ்சளோடு கலந்து பாசிநிறமாகியிருக்கும். அலுமாரிக்குள் பத்திரப்படுத்திய நல்ல தாள்களில் பூஞ்சணம் புள்ளி போடும். கொழும்பில் பழகிய வேலைநேரமும் இங்கே செல்லாது. விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்களின் பேச்சுக் கேட்ட பிறகு யாரும் தூங்க முடியாது. பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் பனி இறங்கி வெளிச்சத்தைத் தின்றுவிடும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் சமையல், தண்ணீர்க்குழாய், கரண்ட் போனால் அதற்கான வசவு எல்லாம் அடக்கம்.

வண்ணம் காயாத எரிச்சலில்தான் தேயிலைச் சாயத்துக்கு வந்தேன். கடும் பிளேன்டீ தாளில் நல்ல மண்ணிறம் தரும், ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும். அதே சாயத்தில், தொழிலாளர் லயத்தில் கேட்டு வாங்கிய, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தி ஒன்றை ஊறப்போட்டுக் கொஞ்சம் வினாகிரியும் விட்டதும் சங்கதி மாறிவிட்டது. தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சியதும் இதே வித்தைதான். இழுக்கும்போது சாம்பலாகத் தெரியும் கோடு, காற்றுப் படப்பட மெல்லக் கறுக்கும். என்ன வரைந்தோம் என்பது கைக்குப் பிந்தித்தான் கண்ணுக்குத் தெரியும். இந்த மை நாளடைவில் தாளையே அரிக்கும் என்பது பழைய ஆவணங்களைக் காப்பவர்களுக்குத் தெரிந்த தலைவலி. எனக்கு அதில் கவலையில்லை.

“என்னா மாஸ்டர், குடிக்கிற தேத்தண்ணிய கடதாசிக்கு ஊத்துறீங்க?” என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அக்கா, பென்சன் வாங்கும்வரை மலையில் கொழுந்தெடுத்தவர். சட்டிக்குள் கத்தியைக் கண்டதும் சிரிப்பு நின்றது. “பிடி உளுத்துப் போயிருமே” என்று எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்து வைத்துவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசினார். அதன் பிறகு நான் ஆணிகளைத்தான் ஊறப்போடுகிறேன்.

என்னைப் போல இடம் மாறிய ஓவியர் என்றால் கண்டியில் ஜோர்ஜ் கீற் பெயரைத்தான் சொல்வார்கள். 1901இல் கண்டியில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, திரித்துவக் கல்லூரியில் படித்து, இருபத்தாறு வயதளவில் தூரிகை எடுத்தவர். 1943இல் லயனல் வென்ட் முதலானோர் கூடிய ‘43 குழு’ என்ற கலைஞர் கூட்டத்தில் ஒருவர். அவர் போன தூரம் அதிகமில்லை. நகரத்தை விட்டுச் சிரிமல்வத்தை போன்ற கிராமத்துக்கு; பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அலுக்கும் முன் இறங்கிவிடலாம். ஆனால் வாழ்க்கை முழுதாக மாறியது. கிராமத்துக்குப் போன நகரத்தார் வழக்கமாகச் செய்வதுபோல வயலையும் வாய்க்காலையும் வரைந்து தள்ளவில்லை. கியூபிசக்காரர்களிடம் கற்ற துணிச்சலோடு உடம்புகளை உடைத்துச் சேர்த்தார். கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் தந்தார். பொறளை கோதமி விகாரைச் சுவர்களில் 1939-40இல் புத்தர் வரலாற்றைத் தீட்டினார். அவருடைய பெண்கள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள் போலவும் இருப்பார்கள், ராதை போலவும் இருப்பார்கள். அந்தக் கோட்டின் சுகம் வேறு எவரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு குறை மட்டும் உண்டு: தோட்டங்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், நான் பார்த்த கீற்றின் படங்களில் கொழுந்துக்கூடை இல்லை.

அந்தக் கொழுந்துக்கூடையின் கதையைக் கையிலெடுத்தவர் எதிர்த்திசையில் போனவர். ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் குளிர்மலையை விட்டுப் பனைமரத்து ஊருக்குப் போய், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். ஆனால் அவருடைய கலைக்கு மூலப்பொருள் மலைதான்: குடித்து முடித்த தேநீர்ப்பை, வடிகட்டி, சாயக்கறை. பனிமூட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. கப்பலேறிப் போகும் பொருளின் கழிவில் அதைப் பறித்தவளின் உடம்பைத் தேடுகிறார். வந்தேறியான நான் துருவும் வினாகிரியும் கலந்து எட்டிப்பிடிக்கப் பார்க்கும் கறுப்பை, அந்த வாழ்க்கைக்குள் பிறந்தவர் ஒரு சின்னப் பையின் கறையிலேயே கண்டெடுத்துவிட்டார். கொஞ்சம் பொறாமைதான்.

அப்படிப்பட்ட படைப்புகளைக் கொழும்பின் குளிரூட்டிய அறைகளில் பார்ப்பவர்கள் தலையசைத்துவிட்டுப் போவார்கள். எனக்கோ அவற்றை இங்கே ஒரு தோட்டப் பாடசாலை மண்டபத்தில் தொங்கவிட ஆசை. பின்னேரம் நிறுவை முடிந்து வருகிறவர்கள் கூடையோடு உள்ளே வரட்டும். தூளின் ரகத்தையும் பையின் கனத்தையும் பற்றி அவர்களிடம் கேள்விகள் இருக்கும். பதில் சொல்ல ஓவியரும் அங்கே நிற்க வேண்டும்.