பதிவேட்டில் பெயரில்லாத பிள்ளைக்குத் திடலில் இடமில்லையா?

அண்மையில் ஒரு மாலை, கிள்ளானில் உள்ள என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காளின் மகளுக்கு 15 வயது. ஐந்து மணியானதும், "சித்தி, சும்மா ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாமா?" என்று கேட்டாள். நடந்துபோய் நாங்கள் நின்றது அவள் முன்பு படித்த பள்ளியின் வேலியோரம். உள்ளே மாணவிகள் அஞ்சல் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முதலாம் படிவத்தில் அந்தக் குழுவில் மூன்றாவதாக ஓடியவள் இவள்.

பகடிவதை தாங்காமல் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது வீட்டிலிருந்தபடியே இயங்கலையில் படிக்கிறாள். கணிதம், அறிவியல் எதிலும் பின்தங்கவில்லை. ஓட்டம் மட்டும் நின்றுவிட்டது. அக்காள் போய்க் கேட்டபோது பயிற்சி ஆசிரியர் சொன்ன பதில்: "பதிவேட்டுல பேரு இல்லாத பிள்ளைய நான் எப்படிம்மா எறக்குறது? விழுந்து அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் விதியைச் சொன்னார். அந்த விதியைத்தான் நாம் பேசியாக வேண்டும்.

மாணவர்களே, இந்த நிலையில் நாம் எல்லாரும் ஒருமுறை இருந்திருக்கிறோம். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. 2021-ஆம் ஆண்டின் பள்ளித் தவணையும் பெரும்பாலோருக்கு வீட்டிலிருந்து கற்றலாகவே தொடங்கியது. கைப்பேசியில் பாடம் வந்தது. அந்தப் பிப்ரவரியில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. திடல் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு உடற்பயிற்சி செய்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளி திறந்தபோது பலர் முதலில் தேடியது வகுப்பறையை அல்ல, திடலைத்தான்.

நமக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. உடல்நலக் குறைவாலோ, பகடிவதையாலோ, குடும்பச் சூழலாலோ வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கு அது இன்னும் முடியவில்லை.

நம் நாட்டில் பள்ளி விளையாட்டு ஒரு படிக்கட்டு. முதலில் பள்ளி, அடுத்து மாவட்டம், பிறகு மாநிலம், கடைசியில் தேசிய அளவிலான எம்.எஸ்.எஸ்.எம். போட்டி. முதல் படியில் கால்வைக்கப் பள்ளியின் பெயர் வேண்டும். 2011-இல் கல்வி அமைச்சு 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. நல்ல கொள்கைதான். ஆனால் நடைமுறையில் 'மாணவர்' என்றால் பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்றே ஆகிவிட்டது.

"விளையாட்டுத்தானே, கிளப்பில் சேர்ந்துகொள்ளட்டும்" என்பார் உண்டு. மாநிலச் சங்கங்கள் வயதுப் பிரிவுப் போட்டிகளை நடத்துவது உண்மை. ஆனால் கிளப் என்றால் மாதக் கட்டணம், காலணி, வார இறுதியில் புக்கிட் ஜாலில் வரை கொண்டுபோய் விட ஒரு வண்டி. இவை எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் தாமான்களிலும் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குப் பணமில்லாமல் விளையாட்டில் முன்னேற இருக்கும் ஒரே வழி பள்ளித் திடல்.

இதில் பதக்கம் மட்டும் அடங்கவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. பள்ளியே இல்லாத பிள்ளை அந்தப் 10-க்கு எதைக் காட்டும்?

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1996-இல் ஒரு சட்டம் இயற்றியது. வீட்டில் கற்கும் பிள்ளைகள் தாங்கள் வசிக்கும் பகுதியின் அரசுப் பள்ளிக் குழுவில் சேர்ந்து ஆடலாம். அப்படி ஆடிய டிம் டீபோ, 2007-இல் அந்நாட்டுக் கல்லூரிக் காற்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். தாம் விரும்பிய பள்ளிக்கு ஆடுவதற்காகத் தாயும் மகனும் வேறு வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தால், வெற்றிக்காகச் சில பள்ளிகள் நல்ல ஆட்டக்காரர்களை வெளியிலிருந்து பிடித்துவரும் என்ற அச்சம் நியாயமானதே. தினமும் காலையில் சீருடை அணிந்து பள்ளிக்குப் போகும் மாணவர், "என் இடத்தை வராதவருக்குக் கொடுப்பதா?" என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் கதவோடு சேர்த்து விதியும் வேண்டும் என்கிறேன். வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் மட்டுமே பதிவு. ஆண்டு நடுவே மாற்றம் கூடாது. மற்றவர்களைப் போலவே தேர்வு ஓட்டத்தில் ஓடித்தான் இடம் பெற வேண்டும். பயிற்சிக்கு ஒழுங்காக வர வேண்டும். காப்புறுதிக் கட்டணத்தைப் பெற்றோர் செலுத்தட்டும். அப்போது ஆசிரியரின் கவலைக்கும் பதில் கிடைக்கும். போட்டிக்கு அனுப்ப விதி திருத்தப்படும்வரை, மாலைப் பயிற்சிக்காவது அனுமதி கொடுக்கலாம். சங்கப் போட்டிகளில் பெற்ற சான்றிதழைப் புறப்பாடப் புள்ளிக்குத் தெளிவான அளவுகோலுடன் ஏற்கலாம். இவற்றுக்குப் புதிய திடலோ பெரிய நிதியோ தேவையில்லை. கல்வி அமைச்சும் பள்ளி விளையாட்டு மன்றங்களும் உட்கார்ந்து பேசினால் போதும்.

மாணவர்களே, உங்களாலும் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. பள்ளியை விட்டு விலகிய தோழனையோ தோழியையோ வார இறுதியில் பொதுத் திடலுக்குக் கூப்பிடுங்கள். ஆள் குறைகிறது என்று சொல்லியாவது கூப்பிடுங்கள். குழுவில் ஒருவராக இருப்பது எப்படி என்பதை இயங்கலை வகுப்பு கற்றுத்தராது.

அன்று திரும்பி வரும்போது அக்காள் மகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மூணாவது ஓடுறவ ரொம்ப லேட்டா கை நீட்டுறா சித்தி. சொல்லிக்கொடுத்தா சரியாயிடும்."

சொல்லிக்கொடுக்க அவள் தயார். அவள் உள்ளே போக யாராவது வேலிக் கதவைத் திறக்க வேண்டும்.