வாடகைக்கு ஒரு பேய்வீடு

பேய்க்கதை என்றாலே ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டிறங்கும் சமாசாரம் என்று தீவிர வாசகர்கள் பலர் எண்ணுகிறார்கள். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’க்கு மட்டும் ஒரு விலக்கு அளிப்பார்கள். அந்த விலக்கைச் சற்றே அகலமாக்கி இன்னொருவரையும் உள்ளே விட வேண்டும் என்பது எங்கள் கட்சி. அவர் பித்தியா மேரி குரோக்கர் என்னும் பி.எம். குரோக்கர்.

அயர்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மகள். ராணுவ அதிகாரியான கணவரைத் தொடர்ந்து 1877இல் சென்னைக்கு வந்தவர். பர்மாவிலும் இருந்தார். இந்தியாவில் கழித்த ஆண்டுகள் 14. அவருடைய எழுத்தில் கணிசமான பகுதி நம் நீலகிரியின் வெலிங்டனில் உருவானது. அப்படியிருந்தும் நம் இலக்கியப் பேச்சில் அவர் பெயர் அரிதாகவே அடிபடுகிறது.

எங்களை ஈர்த்தது அவர் எழுதத் தொடங்கிய விதம். செகந்திராபாத்தின் கோடையில், பொழுதைத் தள்ளுவதற்காக, முதல் நாவலை ஒருவரும் அறியாமல் எழுதினார். பிறகு அதை அங்கிருந்த பெண்களுக்கு மட்டும் வாசித்துக் காட்டினார். கைப்பிரதி தொலைந்தது, மறுபடி உட்கார்ந்து எழுதினார். 1882இல் அந்நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தபோது, எழுதியவர் ஓர் ஆண் என்றே பலரும் முடிவுகட்டினர். வை.மு. கோதைநாயகி சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிய ‘இந்திரமோகனா’ இங்கு நினைவுக்கு வருகிறது. தேசம் வேறு, காலம் வேறு, சமூக நிலையும் வேறு. ஆயினும் இருவருக்கும் இலக்கிய சபை என்பது பெண்கள் கூடியிருந்த ஓர் அறையாகவே இருந்திருக்கிறது.

குரோக்கர் எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களில் பெரும்பாலானவை காதல், கலியாணம், பாளையத்து வம்பு ஆகியவற்றைச் சுற்றி வருபவை. காலம் அவற்றை உதிர்த்துவிட்டதில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. நிற்பவை பேய்வீட்டுக் கதைகளே. 1893இல் தொகுப்பாக வந்த ‘வாடகைக்கு’ என்ற நூலின் தலைப்புக் கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மலைவாசஸ்தலத்தில் எல்லா வீடுகளும் நிரம்பிவிட்ட பருவம். அழகான, சாமான்களுடன் கூடிய ஒரு பங்களா மட்டும் நம்ப முடியாத குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. அதன் தாழ்வாரத்துக்குக் கீழே பள்ளத்தாக்கு. மழைக்காலம் தொடங்குகிறது. மழைச் சத்தத்தினூடே ஒரு குதிரையின் குளம்பொலி நெருங்கி வருகிறது. பிறகு ஏதோ விழும் ஓசை. ஒரு பெண்ணின் அலறல். கண்ணுக்கு எதுவும் தென்படுவதில்லை. என்றோ நடந்த ஒரு விபத்தை அந்த வீடு மீண்டும் மீண்டும் ஒலித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பனமலைக்கும் செஞ்சிக்கும் இடையே நடமாடும் எங்களுக்கு ஆளற்ற மாளிகைகள் புதியவை அல்ல. செஞ்சியில் கல்யாண மகாலும் களஞ்சியங்களும் காலியாகத்தான் நிற்கின்றன. ஆனால் எங்கள் ஊர்க் கதைகளோ 1714இல் மடிந்த தேசிங்கையும் அவன் குதிரையையும் விட்டு அகலுவதில்லை. கோட்டைக்குப் போர்க்கதை உண்டு, அதனுள் இருந்த வீடுகளுக்குக் கதை இல்லை. குரோக்கரிடமும் குதிரை உண்டுதான். (அது போருக்குப் போகவில்லை.) அந்தச் சாவின் ஓசையைத் தாழ்வாரத்திலிருந்து கேட்கும் பெண்களே அவருக்கு முக்கியம். வீட்டிலேயே அடைந்து கிடப்பவளுக்குத்தானே வீட்டின் ஓசைகள் கேட்கும்? ஒளித்து எழுதப் பழகிய கை அதை அறிந்திருந்தது என்று நாங்கள் கருதுகிறோம். ‘சந்திரமுகி’ முதலாக நம் திரைப்படங்கள் பெண்ணையே பேய் பிடித்தவளாக்கி, வைத்தியம் பார்க்க ஓர் ஆணை வரவழைப்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. தாகோர் என்னும் ஊரின் பயணியர் பங்களாவில் நடக்கும் கதையில் கொலையுண்டவன் வெள்ளைக்காரன், கொன்றவன் பங்களாவின் இந்தியச் சமையல்காரன். யாருடைய மண்ணில் யார் தங்கியிருக்கிறார்கள் என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கதைகளில் அது கசிந்துவிடுகிறது. அவருடைய மனிதர்கள் எல்லோரும் வாடகைக்கு வந்தவர்கள். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுபவர்கள். தங்களுக்கு முன்னால் அவ்வீட்டில் என்ன நடந்தது என்பதை அறியாதவர்கள், சொன்னாலும் கேட்காதவர்கள். ‘கித்மத்கார்’ கதையில் பாழடைந்த பங்களாவுக்குள் குடியேறும் குடும்பத்துக்குப் பணிவிடை செய்ய வருவதே ஒரு வேலைக்காரனின் ஆவி. இறந்த பின்னும் அவனுக்கு ஓய்வில்லை! எழுதியவர் எண்ணிப் பார்த்திராத பொருளையும் அங்கே நம்மால் படிக்க முடிகிறது.

ஆகவே இக்கதைகளில் நாலைந்தையேனும் நல்ல தமிழில் கொண்டுவர வேண்டும். அவருடைய இன அகந்தையைப் பூசி மெழுகாமல், உள்ளது உள்ளபடியே. நண்பர்களுக்குள் முயற்சி தொடங்கிவிட்டது. ‘கித்மத்கார்’ என்பதை அப்படியே விடுவதா, சென்னை மாகாணத்துத் துரைமார் வீடுகளில் வழங்கிய ‘பட்லர்’ என்று மாற்றுவதா என்பதில்தான் சண்டை. ‘பட்லர்’ என்றதும் வாசகர் சிரித்துவிடுவார் என்கிறது ஒரு தரப்பு. சிரித்துக்கொண்டே அந்த ஆவியிடம் கோப்பையை வாங்கட்டுமே என்கிறது மற்றது.