கேமரா பார்க்குது சரி... பொட்டி ஞாபகம் வெச்சிருக்கா?

சிசிடிவி போடலாம்னு முடிவு பண்ணினதும் நம்ம மக்கள் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்ஸல்?" ரெண்டாவது, "செல்போன்ல பாக்கலாமா?" அதோட கேள்வி முடிஞ்சுது. "போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்தது இன்னிக்கும் இதுல இருக்குமா?"ன்னு யாரும் கேக்குறதில்லை.

என்னைக் கேட்டா இதுதான் முதல் கேள்வியா இருக்கணும். கேமரா வெறும் கண்ணு. ஞாபகம் இருக்கறது பின்னாடி கறுப்பா உக்காந்திருக்கிற பொட்டியில. நாம கண்ணுக்குக் காசைக் கொட்டிட்டு ஞாபகத்துக்கு மிச்சம் மீதியைத்தான் ஒதுக்குறோம். இந்தப் பதிவு முழுக்க அந்தப் பொட்டியைப் பத்தித்தான்.

டிஸ்கி: பொட்டியைப் பிரிச்சு மேயுறதைப் பொழுதுபோக்கா வெச்சிருக்கிற ஒருத்தனோட கருத்து இது. கடை கண்ணி எதுவும் எனக்குக் கிடையாது. மாற்றுக் கருத்து இருக்கறவங்க தாராளமா வந்து கும்மலாம் :-)

இடம் இருந்தது, காட்சி இல்லை

2020 ஜூன் 19. சாத்தான்குளத்துல ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 22ஆம் தேதி ராத்திரி மகனும், 23ஆம் தேதி காலையில அப்பாவும் இறந்துபோனாங்க. இது எல்லாருக்கும் தெரியும். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஐகோர்ட் மதுரைக் கிளைக்குக் குடுத்த அறிக்கையில இருந்த ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடலை. ஸ்டேஷன்ல கேமரா இருந்தது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. ஆனா அன்னன்னிக்குப் பதிவு தானா அழியுற மாதிரி செட்டிங் வெச்சிருந்தாங்க. 19ஆம் தேதியிலேர்ந்து எதுவும் கிடைக்கலை.

அதே சமயம், பென்னிக்ஸோட கடைக்குப் பக்கத்துல ஒரு கடையில ஓடிக்கிட்டிருந்த கேமராவோட காட்சி டிவியில எல்லாம் வந்துது. போலீஸ் எஃப்.ஐ.ஆர்.ல எழுதினதும் அதுல தெரிஞ்சதும் ஒத்துப்போகலை. அரசாங்கப் பொட்டி மறந்ததை ஒரு சாதாரணக் கடையோட பொட்டி ஞாபகம் வெச்சிருந்தது.

அந்த வருஷமே டிசம்பர் 2ல பரம்வீர் சிங் சைனி வழக்குல சுப்ரீம் கோர்ட், எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவை 18 மாசம் வெச்சிருக்கணும், அதுக்கு வசதி இல்லைன்னா ஒரு வருஷத்துக்காவது குறையக் கூடாதுன்னு சொல்லிச்சு. பராமரிப்புக்கும் பதிவுக்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிதான் பொறுப்புன்னும் சொல்லிச்சு. கேமராவோட நிக்காம ரெக்கார்டரைப் பத்தியும் பேசின தீர்ப்புங்கறதால எனக்கு இது பிடிக்கும்.

நம்ம ஊர் சங்கதி

வீராம்பட்டினத்துக்கு வாங்க. ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு வந்திருப்பீங்க. பிரெஞ்சு கவர்னர் காலத்துலேர்ந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர். மத்த நாளெல்லாம் கடலு, வலை, மோட்டாரு, மீனு. இங்க ஒரு அவுட்போர்டு மோட்டார் காணாமப் போச்சுன்னா ஒரு குடும்பத்தோட தொழிலே நின்னுபோகும்.

எனக்குச் சித்தப்பா முறையாகிற ஒருத்தர் கரையோரக் கொட்டகையில வலையும் மோட்டாரும் வெச்சிருக்கார். ஒரு கடையில அசெம்பிள் பண்ணிக் குடுத்த பொட்டி, நாலு கேமரா. டிவியில நாலு கட்டத்துலயும் படம் பளிச்சுனு ஓடும். ஒரு நாள் மோட்டார் காணோம். "தம்பி, வந்து கொஞ்சம் பாரு"ன்னு கூப்பிட்டார். போய்ப் பார்த்தா, கடைசியாப் பதிவாகியிருந்த தேதி நாலு மாசத்துக்கு முந்தி. ஹார்ட் டிஸ்க் எப்பவோ செத்துப்போச்சு. நேரலைப் படத்துக்கு டிஸ்க் தேவையில்லைங்கறதால டிவியில மட்டும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. திறந்தா, ஃபேன் இறக்கையில உப்புப் பிசுக்கு, ஸ்க்ரூ எல்லாம் துரு, பேரே இல்லாத பவர் சப்ளை. "ஏம்ப்பா, டிவியில நல்லாத்தானே தெரிஞ்சுது?"ன்னு கேட்டார். என்ன பதில் சொல்றது?

அதனால, என் கணக்குல எதுக்கு முதல்ல காசு ஒதுக்கணுமோ அந்த வரிசையிலயே சொல்றேன்.

1. ஹார்ட் டிஸ்க்

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் வேகத்துல அனுப்பினா நொடிக்கு அரை எம்பி. ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆக 43.2 ஜிபி. நாலு கேமராவுக்கு ஏறக்குறைய 173 ஜிபி. 30 நாளைக்கு 5.2 டிபி. வருஷத்துக்கு 63 டிபி.

இந்தக் கடைசி எண்ணைக் கவனிங்க. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குக்குக் கம்பெனிக்காரங்க சொல்ற வேலை அளவு வழக்கமா வருஷத்துக்கு 55 டிபி. அதுவும் ராத்திரி பகலா ஓடும்னு நினைச்சுச் செஞ்சதில்லை. டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி கண்காணிப்புக்குன்னே வர்ற டிஸ்க்குக்கு 180 டிபி. வெறும் நாலு கேமராவுலயே டெஸ்க்டாப் டிஸ்க் எல்லையைத் தாண்டிடுது. "டிஸ்க்னா டிஸ்க்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்"னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

இன்னொண்ணு, எஸ்.எம்.ஆர். இது கூரைக்கு ஓடு வேயுற மாதிரி தடங்களை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுற முறை. ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்து ஓட்டையும் எடுத்து வைக்கணும் இல்லையா, அதே கதைதான். ரெக்கார்டர் பழசை அழிச்சு அது மேலயே எழுதிக்கிட்டிருக்கும், அங்க இது மூச்சு வாங்கும். டபிள்யூ.டி. தன்னோட ரெட் வரிசையில சில டிஸ்க்குல இந்த முறை இருக்குன்னு 2020லதான் வெளிப்படையா ஒத்துக்கிட்டது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி மாடல் எண்ணை வெச்சுத் தேடிப் பார்த்து, சி.எம்.ஆர்.னு உறுதி பண்ணிக்கோங்க.

நாலு கேமராவுக்கு 6 டிபி வாங்கினா ஒரு மாசம் தாராளமாத் தாங்கும். ஓ.எஸ்.ஸைத் தனியா ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யில போடுங்க. வீடியோவை அதுல எழுதாதீங்க. 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒண்ணு மொத்த ஆயுசுக்கும் 80 டிபி தாங்கும்னு போட்டிருந்தா, மேல சொன்ன வேகத்துல ஒண்ணேகால் வருஷத்துல கதை முடிஞ்சுது.

2. கரண்ட்

2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர்க்காரங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புயலே வேணாம், சும்மா மழைக்காலத்துல வந்து வந்து போற கரண்டே போதும் டிஸ்க்கைக் கொல்ல.

பேர் தெரிஞ்ச கம்பெனி பவர் சப்ளை வாங்குங்க. 80 ப்ளஸ் முத்திரை எவ்வளவு கரண்ட் வீணாகுதுங்கறதைத்தான் சொல்லும், உள்ளே தரமான கெப்பாசிட்டர் இருக்கான்னு சொல்லாது. எத்தனை வருஷம் வாரண்டின்னு பாருங்க, அது கொஞ்சம் உண்மை பேசும்.

பொட்டிக்கு யூ.பி.எஸ். போட்டுட்டு, கேமராவுக்குக் கரண்ட் குடுக்குற பி.ஓ.இ. ஸ்விட்சை நேரா சுவத்துல சொருகறதை நிறைய இடத்துல பார்த்தாச்சு. கரண்ட் போனா பொட்டி விழிச்சிருக்கும், கண்ணு மூடிடும். ரெண்டையும் ஒரே யூ.பி.எஸ்.ல போடுங்க. வீட்டுல 150 ஆம்பியர் பேட்டரியோட இன்வெர்ட்டர் இருந்தா இன்னும் நல்லது. எல்லாம் சேர்ந்து 100 வாட் இழுத்தாலும், பேட்டரி நல்லா இருந்தா பத்து மணி நேரம் ஓட்டிடலாம். இன்வெர்ட்டரை யூ.பி.எஸ். மோடுல வைக்க மறக்காதீங்க.

பயாஸ்ல போய், கரண்ட் வந்ததும் பொட்டி தானா ஆன் ஆகுற செட்டிங்கைப் போட்டுடுங்க. காசே செலவில்லாத வேலை இது, ஆனா பாதிப் பொட்டியில இது கிடையாது.

3. உப்புக்காத்து

பக்கத்துல அரிக்கமேட்டுல 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ, ரோமாபுரியிலேர்ந்து வந்த மதுச்சாடி ஓடெல்லாம் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தும் அதுக்கு ஒண்ணும் ஆகலை. நம்ம மதர்போர்டு ரெண்டு வருஷம் தாங்குறதுக்குள்ள தலைகீழா நிக்குது :-)

ஃபேன் எவ்வளவு காத்தை இழுக்குதோ அவ்வளவு உப்பையும் இழுக்கும். அதனால கடற்கரை ஊர்ல சூடு கம்மியான பொட்டிதான் நல்ல பொட்டி. கேமிங் கேஸு, கலர் கலரா லைட்டு, ஆறு ஃபேனு எல்லாம் இங்க வேணாம். கடலைப் பார்த்த ஜன்னல்கிட்ட வைக்காதீங்க, தரையிலயும் வைக்காதீங்க. ஃபெஞ்சல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டினது ஞாபகம் இருக்கட்டும். ஒயர் முழுச் செம்புல இருக்கணும். அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின ஒயர் விலை கம்மி, ஆனா நீளமாப் போட்டா கேமராவுக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட் வழியிலயே குறைஞ்சிடும்.

4. பிராசஸர்

எல்லாரும் இதை முதல்ல கேப்பாங்க, நான் நாலாவதா வெச்சிருக்கேன். பிடி878 சிப் போட்ட கேப்ச்சர் கார்டு காலத்துல படத்தைச் சுருக்குற வேலையெல்லாம் பொட்டி தலையில இருந்தது, அப்ப பிராசஸர் முக்கியம். இப்ப ஐபி கேமராவே சுருக்கி அனுப்பிடுது. வாங்கி அப்படியே எழுதிவைக்க ரொம்பப் பெரிய மூளை தேவையில்லை. ஆபீஸ்கள்ல கழிச்சுக் கட்டுற ஆறாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் தாராளம். ஹெச்.265 படத்தைப் பிரிக்கிற வசதி அதோட கிராபிக்ஸ்லயே இருக்கு. 8 ஜிபி ராம் போதும். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற வேலையை கேமராவோட சின்ன ஸ்ட்ரீம்ல விட்டுட்டா பொட்டி திணறாது.

மென்பொருளுக்கு என் ஓட்டு லினக்ஸுக்கு. ஜோன்மைண்டர் ரெண்டாயிரங்களோட தொடக்கத்துலேர்ந்து இருக்கு, இப்ப ஃப்ரிகேட்டும் இருக்கு. ரெண்டுமே காசில்லாம கிடைக்குது. அப்டேட் போடுறேன்னு நடுராத்திரியில தானா ரீஸ்டார்ட் ஆகுற பொட்டியை எனக்கு நம்பத் தோணலை.

5. கடிகாரமும் பூட்டும்

மதர்போர்டுல இருக்கிற சின்ன வட்ட பேட்டரி செத்தா தேதி எங்கேயோ போயிடும். காட்சி இருக்கும், தேதி தப்பா இருக்கும். அதை வெச்சு என்ன நிரூபிக்கறது? பொட்டியையும் கேமராவையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தி வைங்க. 2024 ஜூலை 1லேர்ந்து அமல்ல இருக்கிற பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63ஆம் பிரிவுப்படி, இந்த மாதிரிப் பதிவைக் கோர்ட்ல குடுக்கணும்னா சான்றிதழ் வேணும், அதுல கோப்போட ஹாஷ் எண்ணும் எழுதணும். ஒழுங்கான பொட்டியில இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை.

2016ல மிராய்னு ஒரு வைரஸ் கும்பல், கம்பெனி குடுத்த பாஸ்வேர்டை மாத்தாத கேமராவையும் டிவிஆரையும் சேர்த்துக்கிட்டு இண்டர்நெட்டையே தடுமாற வெச்சுது. பாஸ்வேர்டை மாத்துங்க. ரெண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கிற பொட்டியா எடுத்து, கேமராவையெல்லாம் ஒரு பக்கம் தனியாக் கட்டிப் போடுங்க. அதுங்களுக்கு இண்டர்நெட்ல என்ன வேலை?

அப்ப ரெடிமேட் பொட்டி வேணாமா?

நியாயமான கேள்வி. மாசத்துக்கு ஒருமுறை உக்காந்து பாக்க ஆள் இல்லாத இடத்துல பேர் பெற்ற கம்பெனி என்.வி.ஆர். வாங்குறதே மேல், நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா அதுக்குள்ள இருக்கிற டிஸ்க் எதுன்னு கேட்டு வாங்குங்க. நானா இருந்தா கம்ப்யூட்டர் பொட்டிதான். எது கெட்டாலும் அதை மட்டும் கழட்டி மாத்தலாம். டிஸ்க் சாகப்போற அறிகுறி தெரிஞ்சா மெயில் அனுப்பச் சொல்லலாம், பதிவு நின்னா கத்தச் சொல்லலாம். மறந்துட்டேன்னு வாயைத் திறந்து சொல்ற பொட்டியைத்தான் நான் நம்புவேன்.

ரெய்டு போடலாமான்னு கேப்பீங்க. நாலு கேமராவுக்கு அந்தக் காசுல முக்கியமான கேமராவுக்குள்ள ஒரு நல்ல மெமரி கார்டு போடுங்க. திருடன் பொட்டியையே தூக்கிட்டுப் போனா ரெய்டும் கூடவே போயிடும், கார்டு மேல மாட்டியிருக்கும்.

கடைசியா ஒண்ணு. ஞாபகம் பலமா இருக்கிற பொட்டி எதைப் பார்க்கக் கூடாதுன்னும் யோசிக்கணும். பக்கத்து வீட்டு வாசல், பொம்பளைங்க குளிக்கிற, துவைக்கிற இடம், இதெல்லாம் கேமராவுக்குள்ள விழக் கூடாது. விழுந்தா மறைக்கப் பெரும்பாலான கேமராவுல வசதி இருக்கு.

இவ்வளவு தூரம் பொறுமையாப் படிச்சவங்க இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டு, கடைப் பொட்டியில சரியா 25 நாளைக்கு முந்தின தேதியைப் போட்டு, ராத்திரி ரெண்டு மணிக் காட்சியைத் தேடுங்க. கிடைச்சா நிம்மதியாத் தூங்குங்க. கிடைக்கலைன்னா நாளைக்கே டிஸ்க் வாங்கப் போங்க. எத்தனை நாள் கிடைச்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போனா எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்.