பூனைக்குச் சமர்ப்பணம் செய்த ஆல்பம்... ஃப்ரெடி மெர்க்குரி தனியாகப் பாடியபோது என்ன நடந்தது?

அம்மா, அப்பா, குரு, கடவுள்... ஆல்பம் அட்டையில் வழக்கமாக இவர்களுக்குத்தான் நன்றி இருக்கும். 1985 ஏப்ரலில் வெளியான 'மிஸ்டர் பேட் கை' ஆல்பத்தை ஃப்ரெடி மெர்க்குரி தன் பூனை ஜெர்ரிக்குச் சமர்ப்பணம் செய்தார். கூடவே டாம், ஆஸ்கர், டிஃபனி ஆகிய பூனைகளுக்கும், உலகத்தில் பூனையை நேசிக்கும் அத்தனை பேருக்கும். மற்றவர்கள் எக்கேடு கெட்டால் என்ன என்ற தொனியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். அமெரிக்க ரசிகர்கள் பதிலுக்கு அதே தொனியில் நடந்துகொண்டார்கள். பில்போர்டு பட்டியலில் அந்த ஆல்பம் 159-வது இடத்தைத் தாண்டவே இல்லை!

சான்சிபாரில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்த பார்சி இளைஞர், 'குயின்' ராக் இசைக்குழுவின் பாடகரான கதை பலருக்கும் 2018-ல் வந்த 'பொஹீமியன் ராப்சோடி' படம் மூலம்தான் தெரியும். அந்தப் படத்தில், தனி ஆல்பம் செய்யப்போவதாக ஃப்ரெடி சொன்னதும் நண்பர்கள் மூவரும் இடிந்துபோவார்கள். ஏதோ துரோகம் நடந்துவிட்டது போல காட்சி நகரும்.

நிஜத்தில் அப்படி இல்லை. டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981-லும் 1984-லும் தனி ஆல்பங்களை வெளியிட்டுவிட்டார். கிதார் கலைஞர் பிரையன் மே 1983-லேயே தனியாக ஒரு ரெக்கார்டு செய்துவிட்டார். ஃப்ரெடி வரிசையில் மூன்றாவது ஆள். அவ்வளவுதான்.

மியூனிக் நகரத்து மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில், குயின் வேலைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில், இரண்டு வருடங்களாக விட்டுவிட்டு வேலை நடந்தது. 11 பாடல்களையும் எழுதியவர் ஃப்ரெடியேதான். குயினில் நால்வரும் பாட்டு எழுதுவார்கள், நால்வரும் சண்டை போடுவார்கள். அதனாலேயே சுமாரான பாட்டு தப்பித்து வெளியே வருவது கஷ்டம். இங்கே 'இது வேண்டாம்' என்று சொல்ல அந்த மூவர் இல்லை. பிரையனின் கிதார் இருந்த இடத்தில் சிந்தசைசரும் டான்ஸ் பீட்டும் வந்து உட்கார்ந்தன. குரல் என்னவோ அபாரம்தான். ஆனால், சில பாடல்களில் அந்தக் குரலுக்கு ஈடுகொடுக்க யாருமே இல்லாதது அப்பட்டமாகத் தெரிகிறது.

இதிலுள்ள ஒரு பாட்டை மைக்கேல் ஜாக்சனுடன் சேர்ந்து பாடத்தான் முதலில் திட்டம். மைக்கேல் தன் வளர்ப்பு லாமாவை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்ததில் ஃப்ரெடி நொந்துபோனார் என்று குயினின் மேனேஜர் பின்னாளில் சொன்னார். பூனை ஓகே, லாமாவுக்கு நோ! கடைசியில் ஃப்ரெடி தனியாகவே பாடிவிட்டார். ஜோடிக் குரலில் அந்தப் பாட்டு வெளிவர 2014 ஆகிவிட்டது.

பிரிட்டனில் ஆல்பம் 6-வது இடம் வரை போனது. மோசமில்லை. ஆனால், அடுத்தடுத்து வந்த சிங்கிள்கள் சறுக்கின. 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' 11-வது இடம், 'மேட் இன் ஹெவன்' 57, 'லிவிங் ஆன் மை ஓன்' 50. இதற்கு நடுவே ஜூலை 13 வந்தது. வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட். சுமார் 20 நிமிடங்களில் குயின் உலகத்தையே கட்டிப்போட்டது. புது ஆல்பம் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், ஃப்ரெடி அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட அந்த மேடையில் பாடவில்லை.

'லிவிங் ஆன் மை ஓன்' தனிமையைப் பற்றிய பாட்டு. அதன் வீடியோ எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? மியூனிக்கில் நடந்த அவருடைய 39-வது பிறந்தநாள் பார்ட்டியில். கறுப்பு வெள்ளை உடையில் கூட்டம் குதியாட்டம் போட, நடுவே நின்று, தனியாக வாழ்வதைப் பற்றிப் பாடுகிறார் ஃப்ரெடி. பாட்டைவிட அந்த வீடியோ மனதைப் பிசையும்.

1991 நவம்பர் 24-ம் தேதி, எய்ட்ஸ் பாதிப்பால் வந்த நிமோனியாவில் ஃப்ரெடி இறந்துபோனார். 1993-ல், பெல்ஜியத்தைச் சேர்ந்த 'நோ மோர் பிரதர்ஸ்' குழு அதே பாட்டுக்குப் புது பீட் போட்டு ரீமிக்ஸ் செய்தது. எட்டு வருடங்களுக்கு முன் 50-வது இடத்தில் நின்றுபோன பாட்டு, பிரிட்டனில் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. தனிப் பாடகராக அவருக்குக் கிடைத்த முதல் நம்பர் ஒன் அதுதான்.

1995-ல் குயின் நண்பர்கள் மூவரும் இன்னொன்று செய்தார்கள். 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ', 'மேட் இன் ஹெவன்' இரண்டிலிருந்தும் ஃப்ரெடியின் குரலை எடுத்துக்கொண்டு, இசையைப் புதிதாக வாசித்தார்கள். இந்த முறை பிரையனின் கிதார் இருந்தது. 2004-ல் ஜப்பானில் 'ப்ரைட்' என்ற டிவி தொடரின் டைட்டில் பாட்டாக 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' ஒலித்தபோது, அங்கே ஒரு புதுத் தலைமுறையே குயின் ரசிகர்களாகிவிட்டது.

2019-ல் ஆல்பம் முழுவதையும் ரீமிக்ஸ் செய்து மறுபடி வெளியிட்டார்கள். குரல்? மியூனிக்கில் அன்று பாடிய அதே குரல்தான்.