லேஸ் ஸ்கார்ஃப் பின்னி விற்கிறீங்களா? உங்க ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கிடைக்குதுன்னு பாருங்க!

"ஓய்வு நேரத்துல நிட்டிங் பண்ணி சம்பாதிக்கலாம்"னு சொல்ற வீடியோக்கள் நிறைய வருது. இதுல என் கருத்து நேரடியானது: நேரத்துக்குக் கணக்கு வைக்காம விற்கிறது வருமானம் இல்லை, அது வாங்குபவருக்கு நீங்க கொடுக்கிற தள்ளுபடி.

ரெண்டு முனையிலும் ஃப்ரில் வைத்த ஒரு லேஸ் ஸ்கார்ஃபை எடுத்துக்குவோம். அகலம் 60 கண்ணி, நீளம் 400 வரிசைன்னு வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி மட்டும் 24,000 கண்ணி.

ஃப்ரில் எப்படி வருது? 120 கண்ணியில் ஆரம்பித்து, 20 வரிசை பின்னி, பிறகு ரெண்டு ரெண்டு கண்ணியைச் சேர்த்து 60 ஆக்கணும். துணி சுருங்கி அலை அலையா நிற்கும். மறுமுனையில் இதையே தலைகீழா, ஒரு கண்ணியை ரெண்டாக்கணும். ரெண்டு முனைக்கும் சேர்த்து 4,800 கண்ணி. பார்க்க நாலு விரல் அகலம்தான், ஆனா சாதாரண முனையை விட ரெண்டு மடங்கு வேலை.

மொத்தம் 28,800 கண்ணி. நூலைச் சுற்றி ஓட்டை விட்டு, கண்ணிகளைச் சேர்த்துப் பின்னும்போது நிமிஷத்துக்கு 20 கண்ணின்னு வைத்தால் 24 மணி நேரம். முடித்ததும் நனைத்து, இழுத்து விரித்து, குண்டூசி குத்திக் காய வைத்தால்தான் லேஸ் டிசைனே தெளிவா தெரியும். அதுக்கும் நூல் முனைகளை மறைக்கவும் ஒரு மணி நேரம். ஆக 25 மணி நேரம்.

இப்போ இதை 1,000 ரூபாய்க்கு விற்கிறீங்கன்னு வைங்க. நூல் ரூ.500, பேக்கிங், கூரியர் ரூ.100. மிச்சம் ரூ.400. 25 மணி நேரத்துக்கு 400 ரூபாய், அதாவது மணிக்கு 16 ரூபாய்!

"வீட்டுல சும்மா இருக்கிற நேரம்தானே?"ன்னு கேட்பாங்க. இந்தக் கேள்விதான் ஆபத்து. ஆந்திராவின் நரசாப்பூரில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற பொருள், ஆனா பின்னுகிறவங்க "இல்லத்தரசிகள்", அது "பொழுதுபோக்கு" என்ற பெயரிலேயே கூலி அடிமட்டத்தில் இருந்ததை அவர் காட்டினார். நம்ம உழைப்பை நாமே "சும்மா"ன்னு சொன்னா, வாங்குறவங்க ஏன் காசு தரணும்?

சரி, என்ன செய்யலாம்?

1. மணிக்கு ஒரு கூலியை முடிவு பண்ணுங்க. ரூ.60 வைத்தாலும் 25 மணிக்கு ரூ.1,500. செலவு 600 சேர்த்தால் விலை ரூ.2,100.

2. ஃப்ரில்லுக்குத் தனி விலை சொல்லுங்க. அது கூடுதலா ரெண்டு மணி நேரம் எடுக்குது, அதனால கூடுதல் ரூ.120. வேண்டாம்னா ரூ.1,980.

3. லூதியானா மெஷின் ஸ்கார்ஃபோடு விலையில் மோதாதீங்க. அங்கே ஜெயிக்க முடியாது.

4. ஆர்டர் எடுத்தா நூல் காசையாவது முன்பணமா வாங்குங்க.

"2,100 ரூபாய்க்கு யார் வாங்குவாங்க?" நியாயமான கேள்வி. நம்ம ஊர் வெயிலில் ரொம்பப் பேர் வாங்க மாட்டாங்க. அப்போ மணிக்கு 16 ரூபாய்க்கு இறங்கணும்னு அவசியமில்லை. அதே திறமையை வைத்து வகுப்பு எடுக்கலாம். அஞ்சு பேருக்கு ஒரே மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்க முடியும். இல்லைன்னா மனசுக்குப் பிடிச்சவங்களுக்குப் பரிசா கொடுங்க. பரிசுக்கு ஒரு மரியாதை இருக்கு. அடிமாட்டு விலைக்கு விற்றதுக்கு அதுவும் இல்லை.

அடுத்த தடவை ஊசியை எடுக்கும்போது பக்கத்துல ஒரு நோட்டு வைங்க. ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம் எழுதுங்க. உங்க ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வந்ததுன்னு கமெண்ட்டில் சொல்லுங்க.