விளையாட்டுக்குமா வாசிப்புப் பரீட்சை?

எஹலியகொட பெற்றோருக்கும் எங்களிடம் படித்த பழைய மாணவர்களுக்கும் ஒரு விடயம்.

போன தவணை விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு புது விளையாட்டைக் காட்டினோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, ‘நான் ஆற்றைக் கடக்கிறேன்’, ‘நான் கதவைத் தட்டுகிறேன்’ என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகைக்கு மூத்தது. (தாயக்கட்டை பற்றி மார்க்க ரீதியில் கேட்பீர்கள் என்று தெரியும். நாங்கள் கட்டை பாவிக்கவில்லை, பந்தயமும் இல்லை. 1 முதல் 20 வரை எழுதிய கடதாசித் துண்டுகளை ஒரு பால்மா டின்னில் போட்டு எடுத்தோம்.)

பிழை எங்கள் பக்கம்தான். விதிகளை நான்கு பக்கம் டைப் செய்து, போட்டோகொப்பி எடுத்து, ‘வாசித்துவிட்டு வாங்க’ என்று முதல் நாளே கொடுத்துவிட்டோம். அடுத்த நாள் எட்டுப் பேரில் மூன்று பேர் வரவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் ஒரு பையனை வழியில் கண்டு கேட்டோம். “சேர், எனக்கு வாசிக்க வராதுங்க. நீங்க சொல்லிக் குடுத்தா செஞ்சிருவேன்.”

கெரம் போர்டில் அவனை வெல்ல எங்கள் பாடசாலையில் ஆளில்லை. கெரம் விதியை நம்மில் யார் புத்தகத்தில் வாசித்தோம்? எல்லே, டாம், கிரிக்கெட் எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பிடித்தவை. சிறிய சூராக்களைக்கூட உஸ்தாத் ஓதக் கேட்டுத்தான் முதலில் மனனமிட்டோம். முழுக்க முழுக்க வாயால் ஆடுகிற ஒரு விளையாட்டுக்கு மட்டும் வாசலில் எதற்குப் பரீட்சை?

மூலப் புத்தகமும் லேசானதல்ல. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆடுபவருக்கான நூல் மட்டுமே 300 பக்கத்துக்கு மேல், இரண்டு பத்தியாகப் பொடி எழுத்து. ஆனால் 2023 ஜனவரியில் அதன் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் மொழிபெயர்க்கலாம், குரலில் பதியலாம். மற்ற நூல்களுக்கு 2013இல் மராகேஷ் உடன்படிக்கை வந்தது. இலங்கை 2016இல் அதில் சேர்ந்தது. பார்வையற்றோருக்கு மட்டுமல்ல, டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் உடன்படிக்கை வந்து ஒலிப்பதிவு செய்து தராது.

பெரிய எழுத்து, அகன்ற வரி இடைவெளி, இடது ஓரம் மட்டும் நேராக, சாய்வெழுத்து வேண்டாம் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் யோசனைகள் தமிழுக்கும் சரிதான். தமிழுக்கென்று வேறு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்பதில் காதுக்கு முதலில் வருவது ககரம். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. ‘கௌ’வைப் பிள்ளை ‘கெள’ என்று வாசித்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இதற்கு மேல் நாங்கள் ‘தாக்குதலுக்குட்பட்டவரெனில்’ என்று ஒரே சொல்லாக எழுதி வைத்திருந்தோம்! இப்போது அந்த வரி: ‘அடி பட்டதா? 1 குறை.’

நான்கு பக்கம் ஒரு அட்டையாகச் சுருங்கியது. ஒரு வரிக்கு ஒரு செயல், பக்கத்தில் சின்னப் படம். முழு விதியையும் ஆறு நிமிடக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். அவர்கள் இன்னும் சரளமாக வாசிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

‘இப்படிச் சுலபமாக்கினால் வாசிக்கவே மாட்டார்கள்’ என்றார் ஒரு தகப்பன். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மூன்று தரம் காதால் கேட்ட வரியை வாசிப்பது, தெரியாத வரியை வாசிப்பதைவிட எளிது. தரம் ஒன்றில் படிப்பித்த எவருக்கும் இது தெரியும். வாசிப்பை வகுப்பில் விடாமல் படிப்பிப்போம். விளையாட்டை அதற்குக் கூலியாக வைக்க மாட்டோம்.

வராத மூன்றாவது பிள்ளையின் வீட்டில் போன் இல்லை. அடுத்த விடுமுறைக்கு முன் நாங்கள் நேரில் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த கதைக்கும் குரல் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தெளிவாக, அவசரமில்லாமல் பேசக்கூடிய இரண்டு பேர் தேவை. ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. முடிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.