அஷ்டமியில் புறப்பாடு

நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அஷ்டமி, நவமி பார்க்காத வீடு நம்மில் அபூர்வம். ஆனால், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அஷ்டமியும் நவமியும் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறார்கள், தெரியுமோ? நம் பஞ்சாங்கத்தை அவர்கள் புரட்டுவதில்லை. அரை நிலா நாட்கள் என்பார்கள். விஷயம் ஒன்றுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கி வடிவது அதிகம். நீரோட்டத்துக்கு அப்போது பேய் வேகம். அரை நிலாவை ஒட்டி அது கொஞ்சம் அடங்குகிறது.

கால்வாய் என்றதும் நம் பக்கிங்ஹாம் கால்வாயை நினைத்துக்கொள்ள வேண்டாம், சகோதரிகளே! இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கிடக்கும் சமுத்திரம் அது. மிகக் குறுகிய இடத்தில் 21 மைல். அதிலும் நீரோட்டம் சுமார் ஆறு மணிக்கு ஒரு தரம் திசை மாறிப் பக்கவாட்டில் இழுக்கிறது. எதிர்க்கரையைப் பார்த்து நேராகத்தான் நீந்துவார்கள். ஆனால் போன வழியை வரைந்து பார்த்தால் நெளிக்கோலம் மாதிரி இருக்கும்.

நீரோட்டத்தையும்விடப் பெரிய சத்துரு குளிர். நம் கடற்கரைகளில் தண்ணீரின் உஷ்ணம் 25 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். அங்கே நல்ல கோடையிலேயே 15 முதல் 18 டிகிரிதான். கம்பளி மாதிரி உடம்பைக் காக்கும் ரப்பர் உடை உண்டே என்கிறீர்களா? கூடாது! சாதாரண நீச்சல் உடை ஒன்று, தலைக்குக் குல்லாய் ஒன்று, கண்ணாடி ஒன்று, அவ்வளவுதான் அனுமதி. ஆகையால் கம்பளியை உடம்புக்குள்ளேயே தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நெய்யும் வெண்ணெயுமாகச் சாப்பிட்டுச் சதை போடுகிறவர்கள் பலர். இளைப்பதற்கு வழி தேடி அலையும் சகோதரிகளுக்கு இதைக் கேட்கப் பொறாமையாகத்தான் இருக்கும்!

சதை மட்டும் போதாது. மாதக்கணக்கில் பச்சைத் தண்ணீரில் ஸ்நானம். பிறகு குளிர்ந்த கடலில் முதல் நாள் பத்து நிமிஷம், அடுத்த வாரம் அரைமணி, அப்புறம் ஒரு மணி என்று உடம்பைச் சிறிது சிறிதாகச் சமாதானம் செய்ய வேண்டும். கடைசியில், 16 டிகிரியோ அதற்கும் குறைவோ உள்ள ஜலத்தில் ஆறு மணி நேரம் விடாமல் நீந்தியதற்கு அத்தாட்சி காட்டினால்தான் இந்நாளில் அனுமதி கிடைக்கிறது. மேலே பூசிக்கொள்ளும் கொழுப்பும் களிம்பும் குளிருக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அதனால் குளிர் அதிகம் தடைப்படுவதில்லை. உப்புநீரில் கழுத்தும் அக்குளும் உராய்ந்து புண்ணாகாமல் இருக்கத்தான் அது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீந்துகிறவருக்குத் துணையாக ஒரு படகு கூடவே வரும். அரைமணிக்கு ஒரு தரம் வெதுவெதுப்பான மாச்சத்துப் பானத்தைக் கழியிலோ கயிற்றிலோ கட்டி நீட்டுவார்கள். மிதந்தபடியே மடக்கென்று விழுங்கிவிட்டு மேலே போக வேண்டும். படகைத் தொடக்கூடாது, படகிலுள்ளவர்களும் தொடக்கூடாது. பெற்ற தாயே அதில் உட்கார்ந்திருந்து, பெண் நடுங்குவதைப் பார்த்துக் கை கொடுத்தால், அந்தக் கணமே முயற்சி முடிந்தது! படகிலிருப்பவர்களின் வேலை, நிமிஷத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறாள் என்று எண்ணுவது. எண்ணிக்கை சடாரென்று குறைந்தாலோ, கேட்ட கேள்விக்குப் பதில் குழறினாலோ, குளிர் மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம். அப்போது தூக்கிவிட வேண்டியதுதான். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று தாட்சண்யம் பார்ப்பது பெரிய ஆபத்து.

1926-இல் இதை முதன்முதலில் கடந்த பெண், அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி. முந்தின வருஷம் தோற்றுப் போனவர். மறு வருஷம் உப்புநீர் கண்ணில் புகாதபடி கண்ணாடியின் ஓரங்களை மெழுகினால் அடைத்துக்கொண்டு இறங்கினார். அதற்கு முன் கடந்திருந்த ஆண்கள் ஐந்து பேரையும்விடக் குறைந்த நேரத்தில் கரையேறினார்!

நம் நாட்டுப் பெண் ஆரதி சாஹாவின் கதைதான் எனக்கு இன்னும் உருக்கமாகத் தோன்றுகிறது. இரண்டரை வயதில் தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்த கல்கத்தாக் குழந்தை. 1952-இல், பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத சிறுமியாக ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போய் வந்தார். கால்வாய்க்காகக் கல்கத்தா தேசபந்து பார்க் குளத்தில் எட்டு மணி நேரம் தொடர்ந்து நீந்தினார். பிறகு பதினாறு மணி நேரம். ஆனால் கல்கத்தாக் குளம் பொறுமையைக் கற்றுக் கொடுக்கும்; குளிரை எங்கிருந்து கற்றுக் கொடுக்கும்? அதை இங்கிலாந்துக்குப் போய்த்தான் பழக வேண்டியிருந்தது.

1959 ஆகஸ்டு 27. பஞ்சாங்கக் கணக்குப்படி அஷ்டமியை ஒட்டிய நாள். நீரோட்டம் அடங்கும் சமயம். எல்லாம் சரி, துணைப் படகு மட்டும் வரவில்லை! நாற்பது நிமிஷம் தாமதம். நீரோட்டத்தோடு ஓடும் பந்தயத்தில் நாற்பது நிமிஷம் என்பது சின்ன விஷயமா? மணிக்கணக்காக நீந்தி, இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் இருக்கும்போது எதிர் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டார். கை ஓயாமல் வீசியும் கரை நெருங்கவில்லை. படகில் ஏற்றிவிட்டார்கள்.

ஊரார் உதவியில் கடல் தாண்டிப் போன பெண். மேலாளராக உடன் போயிருந்த டாக்டர் அருண் குப்தாவும் நோயில் படுத்துவிட்டார். செப்டம்பர் முடிந்தால் தண்ணீர் இன்னும் குளிரும். அந்த வருஷத்துப் பருவம் போய்விடும். இந்த நிலையிலும் தினசரிப் பயிற்சியை விடவில்லை. சரியாக முப்பத்துமூன்று நாள் கழித்து, செப்டம்பர் 29-ஆம் தேதி, பிரான்ஸின் கிரி நே முனையில் மறுபடியும் இறங்கினார். அமாவாசைக்கு மூன்றே நாள் இருந்தது. நீரோட்டம் வலுக்கிற சமயம். நல்ல நாளுக்குக் காத்திருக்க நேரமில்லை. பதினாறு மணி இருபது நிமிஷம் கழித்து இங்கிலாந்தின் ஸேண்ட்கேட் கரையில் எழுந்து நின்றார். ஆசியாவிலேயே இந்தக் கால்வாயைக் கடந்த முதல் பெண் அவர்தான். அப்போது பத்தொன்பது வயது நிரம்பி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

21 மைல் அகலமுள்ள கடலில் அன்று அவர் நீந்திய தூரம் 42 மைல்.